கம்பிக்குள் மாமா

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது என் தாய்மாமா எங்கள் வீட்டுத் தொலைபேசிக் கம்பிக்குள் மாட்டிக்கொண்டார். அப்படித்தான் நான் நம்பினேன். நம்புவதற்கு என்னிடம் போதுமான ஆதாரங்கள் இருந்தன. இன்று நான் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, எந்தக் கேபிளில் எந்த இடத்தில் பழுது என்று திரையைப் பார்த்துச் சொல்லும் வேலை செய்கிறேன். ஆதாரம் இல்லாமல் அறிக்கை எழுதக் கூடாது என்பது அங்கே முதல் விதி. ஏழு வயதிலும் நான் அந்த விதியை மீறவில்லை. ஆதாரங்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. முடிவு மட்டும் தவறாகிவிட்டது.

அப்போது நாங்கள் கிள்ளானில், ஒரு தாமான் குடியிருப்பின் கடைசி வரிசை வீட்டில் குடியிருந்தோம். வீட்டுக்குப் பின்னால் பெரிய லோங்காங் ஓடும். பெயருக்குச் சாக்கடை, மழை பெய்தால் ஆறு. அப்பாவுக்குத் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அம்மா வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுத்தார். கைப்பேசி அப்பாவிடம் மட்டும் இருந்தது, அதுவும் அவரோடு வேலைக்குப் போய்விடும். வீட்டுக்கென்று இருந்தது, தையல் மெஷினுக்குப் பக்கத்தில் குட்டி மேசைமேல் வைத்திருந்த சந்தன நிறத் தொலைபேசிதான். அதன் கம்பி மெஷினுக்குப் பின்னால் சுவரோரமாக ஓடி, ஜன்னல் சட்டத்து ஓட்டை வழியாக வெளியேறி, கூரையோரம் ஏறி, தெருவில் நிற்கும் தூணுக்குத் தாவும்.

மாமா, அம்மாவின் ஒரே தம்பி, ஒரு குத்தகைக்காரரிடம் தொலைபேசிக் கேபிள் இழுக்கும் வேலையில் இருந்தார். அவர் இடுப்பில் ஒரு ரிசீவர் தொங்கும். அதன் வயர் நுனியில் பல் வைத்த இரண்டு கிளிப்புகள். தூணில் இருக்கும் பெட்டியைத் திறந்து, ஒரு ஜோடிக் கம்பியைக் கிளிப்புகளால் கடிக்க வைத்தால் அங்கிருந்தபடியே யாருக்கும் போன் அடிக்கலாம். இது எனக்குப் பின்னாளில் தெரிந்தது. அன்று தெரிந்ததெல்லாம், எங்கள் வீட்டுப் போன் அடிக்கும், எடுத்தால் மாமாவின் குரல் வரும் என்பதுதான்.

“பாப்பா, மாமா இப்ப கம்பிக்குள்ள பூந்துட்டேன். கும்மிருட்டு லா. ரெண்டு ரெண்டா கம்பிய எண்ணிக்கிட்டே வரேன். எண்ணிக்க தப்புச்சுன்னா வேற யாரு வீட்டுக்காவது போயிருவேன், அப்புறம் வெளியவே வர முடியாது.”

லோங்காங்கைத் தாண்டிவிட்டதாகச் சொல்வார். பக்கத்து வீட்டு மாமரத்தில் குரங்கு உட்கார்ந்திருப்பதாகச் சொல்வார். கடைசியில், கதவைத் திற, வந்துவிட்டேன் என்பார். நான் ரிசீவரைப் போட்டுவிட்டு ஓடினால் கேட்டுக்கு வெளியே மூச்சிரைக்க நிற்பார். இரண்டு வீடு தள்ளியிருந்த தூணிலிருந்து ஓடிவந்த மூச்சு அது. எனக்கு அது கம்பிக்குள் தவழ்ந்து வந்த மூச்சு.

பிறகு ஒரு நாளிலிருந்து மாமா வரவில்லை. தீபாவளிக்கும் வரவில்லை. பெரியவர்கள் பேசுவதை நான் அறைத் திரைக்குப் பின்னால் நின்று கேட்பேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா ஒருநாள் அம்மாவிடம் சொன்னார்:

“கம்பிக்கு ஆசப்பட்டான். இப்ப உள்ள ஒக்காந்து கம்பி எண்ணிக்கிட்டு இருக்கான்.”

நான் இருப்பதைக் கவனித்த அம்மா கண்ணைக் காட்டினார். அப்பா நிறுத்திக்கொண்டார். அன்று மாலை, மாமா எங்கே என்று அம்மாவிடம் கேட்டேன். ரொம்ப தூரத்தில் வேலை என்றார். கம்பி எண்ணுகிற வேலையா என்று கேட்டேன். அம்மா ஊசியில் நூல் கோக்க மூன்று முறை முயன்று மூன்று முறையும் தவறவிட்டார்.

மாமாவே தன் வாயால் சொன்னது ஓர் ஆதாரம். விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லாத அப்பா சொன்னது இரண்டாவது. மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் வலுவானது. மாமாவை யாரும் பார்க்கவில்லை. ஆனால் அவர் குரல் வந்துகொண்டிருந்தது, போனுக்குள்ளிருந்து மட்டும்.

மாதத்தில் ஒரு நாள் அது வரும். அம்மா நின்றுகொண்டே பேசுவார். ஐந்து நிமிடத்தில், பாதி வார்த்தையில், அறுந்துவிடும். அம்மா ரிசீவரை உடனே வைக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்பார். அந்தச் சமயத்தில் வீட்டில் இருந்தால் அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். ஒருமுறை போகாமல் அங்கேயே நின்று சொன்னார்: “இனிமே அவன் போன் வந்துச்சுன்னா நானே லைன வெட்டிருவேன்.”

உள்ளே ஆள் இருக்கும்போதா வெட்டுவது?

ஒரு தடவை அம்மா குளியலறையில் இருந்தபோது அந்த அழைப்பு வந்தது. நான் எடுத்தேன். மாமாவின் குரல் எங்கோ பள்ளத்திலிருந்து வருவதுபோல் இருந்தது. பின்னால் வேறு பல ஆண்களின் குரல்கள், இரும்பில் இரும்பு மோதும் சத்தம். அவர் மட்டும் இல்லை, இன்னும் நிறையப் பேர் உள்ளே மாட்டியிருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“உள்ளதான் பாப்பா.”

“எப்ப வெளிய வருவீங்க?”

“அவங்க தொறந்து விட்டாத்தான் வர முடியும்.” கொஞ்சம் சிரித்தார். “அம்மாவ கூப்புடு.”

அம்மா வருவதற்குள் அறுந்துவிட்டது.

குரல் கம்பிக்குள் ஓடுவதில்லை என்பதை இன்று நான் அரை நிமிடத்தில் விளக்கிவிடுவேன். பேசும்போது காற்று அதிர்கிறது. ரிசீவரில் இருக்கும் மெல்லிய தகடு அந்தக் காற்றோடு சேர்ந்து அதிர்கிறது. அதற்கேற்பக் கம்பியில் ஓடும் மின்சாரம் கூடிக் குறைகிறது. மறுமுனையில் அந்த ஏற்ற இறக்கம் இன்னொரு தகட்டை அதே மாதிரி ஆட்டுகிறது, அந்தத் தகடு அங்கிருக்கும் காற்றை ஆட்டுகிறது. ஆக, நம் காதில் விழுவது மாமாவின் குரல் அல்ல. அதைப்போலவே அசையக் கற்றுக்கொண்ட ஒரு தகடு. போகிறவர் யாரும் இல்லை, போவது ஓர் அசைவு மட்டும். ஆனால் இதை அன்று யாராவது எனக்குச் சொல்லியிருந்தாலும் நான் ஏற்றிருக்க மாட்டேன். பள்ளத்திலிருந்து என்னைப் பாப்பா என்று கூப்பிட்டது தகடு அல்ல.

அவருக்கு உதவ வேண்டும் என்று தோன்றியது. எண்ணிக்கை தப்பியதால்தான் அவரால் வெளியே வர முடியவில்லை. பள்ளிவிட்டு வந்ததும், அம்மா அடுப்படியில் இருக்கும் நேரமாகப் பார்த்து ரிசீவரை எடுத்து, வாயைப் பொத்திக்கொண்டு அதற்குள் எண்ணுவேன். ஒன்று, இரண்டு, மூன்று. உள்ளே ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் கேட்கும். நாற்பது வரை போனதும் முனகல் நின்று, கொஞ்சம் அமைதி. பிறகு திடீரென்று காதைக் கிழிப்பதுபோல ஓர் ஊளை. எண்களை அழுத்தாமல் ரிசீவரை எடுத்தபடியே வைத்திருந்தால், திரும்ப வைக்கச் சொல்லி எக்ஸ்சேஞ்ச் அனுப்பும் சத்தம் அது. நான் தப்பாக எண்ணிவிட்டேன், அங்கே அவருக்கு ஏதோ நடக்கிறது என்றே எடுத்துக்கொண்டேன். ரிசீவரை வைத்துவிட்டு மெஷினுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். மறுநாளும் எண்ணினேன். மறுநாளும் ஊளை.

மழை வந்தால் இன்னும் மோசம். எங்கள் வரிசையில் மழைக்குப் போன் செத்துப்போகும், வெயில் வந்தால் தானாக உயிர் வரும். சாவதற்கு முன் ‘கரகர’ என்று இருமும். இடி இடித்தால் அப்பா வந்து போனின் செருகியைப் பிடுங்கிவிடுவார். பக்கத்து வரிசையில் ஒரு வீட்டுப் போன் மின்னலில் கருகியதிலிருந்து அவருக்கு அந்தப் பழக்கம். அந்த வீட்டுச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு கறுப்புக் கோடு இருந்தது. நான் போய்ப் பார்த்தேன். போன் பிழைக்க வேண்டும் என்று அப்பா செருகியைப் பிடுங்குகிறார். கம்பியில் இருப்பவர் பிழைப்பாரா என்று யாரும் கேட்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக அந்த நெருப்பு. ஒரு பிற்பகல் அம்மாவோடு கடைக்குப் போய்விட்டு லோங்காங் ஓரமாக வந்துகொண்டிருந்தேன். கரையில் கறுப்பாக ஏதோ சுருண்டு கிடந்து புகைந்துகொண்டிருந்தது. ரப்பர் எரியும் நாற்றம் தொண்டையில் ஒட்டியது. எதிரே வந்த பக்கத்து வீட்டு ஆன்டி மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்: “பாத்தியா, போன் கம்பிய திருடி எரிச்சுட்டுப் போயிருக்கானுங்க. உள்ள இருக்கறத எடுக்கறதுக்கு.”

அம்மா என் தலையைத் தன் பக்கம் அழுத்திக்கொண்டு வேகமாக நடந்தார். உள்ளே இருப்பதை எடுக்க என்றால் செம்பை எடுக்க என்று அர்த்தம். எனக்கு உள்ளே இருந்தது வேறு. அம்மாவும் அதற்காகத்தான் இப்படி விரைகிறார் என்று நினைத்தேன். ஒரு வகையில் அது சரிதான். மாமா மாட்டியது அந்தக் குற்றத்துக்குத்தான். பகலில் கேபிள் இழுத்தவர், யாரோடோ சேர்ந்து அதே கேபிளை வெட்டி எரித்து விற்றிருக்கிறார். எனக்கு இது தெரியவந்தபோது பதினாறு வயது.

அன்றே முடிவெடுத்தேன். இடி விழுவதற்குள், திருடர்கள் எங்கள் தெருவுக்கு வருவதற்குள், மாமாவை வெளியே விட வேண்டும். அவரே சொல்லிவிட்டார், யாராவது திறந்து விட்டால்தான் வர முடியும் என்று.

மறுநாள் மாலை அம்மா துணி எடுக்கக் கொல்லைக்குப் போனார். மெஷின் பெட்டியிலிருந்து அவருடைய துணி வெட்டும் பெரிய கத்தரியை எடுத்தேன். தொடக் கூடாது என்று சொல்லப்பட்ட கத்தரி. மெஷினுக்குப் பின்னால் நுழைந்து, கம்பியை இடது கையால் பிடித்து, “மாமா, தள்ளிக்கங்க” என்று சொல்லிவிட்டு வெட்டினேன். கத்தரி அதைச் சேலை நுனிபோல் நறுக்கிவிட்டது.

ஒன்றும் வெளியே வரவில்லை. வெட்டிய முனையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தேன். சாம்பல் நிறத் தோலுக்குள் வெள்ளையில் ஒன்று, நீலத்தில் ஒன்று, இரண்டு செப்புப் புள்ளிகள் கண்கள்போல என்னைப் பார்த்தன. காதில் வைத்தேன். முனகல்கூட இல்லை. அப்போதுதான் நான் யோசித்தே பார்க்காத ஒன்று தோன்றியது. நான் வெட்டிய இடத்திலேயே அவர் இருந்திருந்தால்?

இரண்டு முனைகளையும் மெஷினுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, கத்தரியை இருந்த இடத்தில் வைத்தேன். அதன் அலகில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். மறுநாள் வகுப்பில் டீச்சர் பேர் சொல்லிக் கூப்பிட்டது காதில் விழவில்லை. அம்மா ஒருமுறை போனை எடுத்துப் பார்த்தார், மழையில் போய்விட்டது என்று வைத்துவிட்டார். அவர் அடுத்த ரவிக்கையை அந்தக் கத்தரியால் வெட்டும் சத்தம் கேட்டு நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

இரண்டாம் நாள் மாலை கேட்டில் தாழ்ப்பாள் சத்தம். மாமா நின்றுகொண்டிருந்தார்.

மெலிந்திருந்தார். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அம்மா செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் தூரத்திலேயே நின்று சரிபார்த்தேன். கை இரண்டு. கால் இரண்டு. காது இரண்டு. விரல்களை எண்ணுவதற்கு அவர் சும்மா நிற்கவில்லை. கோப்பிக் குவளையைப் பிடித்தபோதுதான் எண்ண முடிந்தது. பத்தும் இருந்தன. நான் வெட்டவில்லை. நான் திறந்து விட்டிருக்கிறேன்.

நன்னடத்தைக்காக மூன்று வாரம் முன்னதாகவே விட்டுவிட்டார்கள் என்று அவர் அம்மாவிடம் சொன்னார். அப்பாவின் கைப்பேசிக்கு அடிக்க அவருக்குத் துணிச்சல் இல்லை. “வீட்டுக்கு மூணு தடவ அடிச்சேன்கா. மணி அடிக்குது, எடுக்க ஆளில்ல. சரி, மழையில லைன் போயிருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்.”

அது அவருடைய தொழிலறிவு. அழைப்பவர் காதில் விழும் மணி நம் வீட்டில் அடிக்கும் மணி அல்ல, எக்ஸ்சேஞ்ச் அனுப்புவது. இந்தப் பக்கம் கம்பியே இல்லாவிட்டாலும் அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டிருக்கும். வேறொருவராக இருந்தால் எடுக்கவில்லை என்று மனம் உடைந்து திரும்பியிருப்பார். மாமா எங்களுக்காக மழையைக் காரணமாக வைத்துக்கொண்டு, ரயில் ஏறிக் கிள்ளானுக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, மிச்சத்தை நடந்து வந்திருந்தார்.

கோப்பி குடித்து முடித்ததும் அவர் கை சும்மா இருக்கவில்லை. போனை எடுத்துக் காதில் வைத்தார், தட்டினார். பிறகு கம்பியை விரலால் தடவிக்கொண்டே மெஷினுக்குப் பின்னால் போனார். அப்பா வேலை முடிந்து வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்த அதே நேரம், மாமா இரண்டு முனைகளையும் கையில் பிடித்தபடி எழுந்தார். வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார்.

“எலி கடிச்சா பல்லு பல்லா இருக்கும்,” என்றார், யாரையும் பார்க்காமல். “தண்ணி பூந்தா பச்சையா பூத்துருக்கும்.” அவர் கையிலிருந்த முனைகளில் செம்பு நேராக, பளபளவென்று இருந்தது.

அம்மா மெதுவாகத் திரும்பி அப்பாவைப் பார்த்தார்.

“என்னை ஏன் பாக்கற? நான் வெட்டல,” என்றார் அப்பா. ஒரு விஷயத்தை இரண்டாம் முறை சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

நான் திரைக்குப் பின்னால் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. நான்தான் திறந்து விட்டேன் என்று சொன்னால், யார் கேட்டுத் திறந்தாய் என்பார்கள். ‘அவங்க’ யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் திறக்கவில்லை, நான் திறந்தேன். தெரிந்தால் வந்து மாமாவைத் திரும்பவும் உள்ளே போட்டுவிடுவார்கள். அதனால் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன்.

மாமா பல்லால் தோலை உரித்து, வெள்ளையை வெள்ளையோடும் நீலத்தை நீலத்தோடும் முறுக்கி, கறுப்பு டேப் சுற்றினார். ரிசீவரை எடுத்துக் கேட்டார். வந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டு, முன்புபோல் அதை என் காதில் வைக்க நீட்டினார். உள்ளேயிருந்து அந்த முனகல் கேட்டது. நான் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

“ஏன் பாப்பா, மாமாவ பாத்தா பயமா இருக்கா?”

நான் போனைப் பார்த்துக்கொண்டே ஆமென்று தலையாட்டினேன்.

அவர் ரிசீவரை மிக மெதுவாக அதன் இடத்தில் வைத்தார். அன்றிரவு கூடத்தில் படுத்தார். காலையில், அம்மா எவ்வளவு சொல்லியும் கேளாமல், ஜொகூரில் ஒரு கூட்டாளி வேலை பார்த்து வைத்திருக்கிறான் என்று கிளம்பிவிட்டார். கேட்டருகே அப்பாவிடம் நின்றார்.

“மச்சான், ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். நான் போன் அடிச்சிருக்கவே மாட்டேன்.”

அப்பா தெருமுனையைப் பார்த்தார். “பஸ் வந்துரும், பாத்துப் போ,” என்றார்.

அம்மா அதற்குப் பிறகு பல வாரங்கள் அப்பாவோடு தேவைக்கு மட்டும் பேசினார். எனக்கு அவர்கள் இருவரையும் புரியவில்லை. மாமா கம்பியில் போகவில்லை, பஸ்ஸில் போகிறார். நான் கண்ணால் பார்த்தேன், ஜன்னலோர இருக்கை. இதில் அழ என்ன இருக்கிறது என்று தோன்றியது.

அவர் போட்ட முடிச்சு நல்ல முடிச்சு. அதன்பின் எந்த மழையிலும் அது எங்களைக் கைவிடவில்லை. போன் அடிக்கும். அம்மா மிதியிலிருந்து காலை எடுத்து, ஓடும் மெஷினை உள்ளங்கையால் நிறுத்திவிட்டு எடுப்பார். ரவிக்கை தயாரா என்று யாராவது கேட்பார்கள். இல்லாவிட்டால் ராங் நம்பராக இருக்கும். அம்மா பதில் சொல்லி வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் மெஷினை ஓட்டாமல் உட்கார்ந்திருப்பார். நான் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்பேன், மாமாவா என்று. இல்லை என்று தலையசைப்பார். எனக்கு ஒவ்வொரு முறையும் உயிர் திரும்பி வந்ததுபோல் இருக்கும். மாமா இன்னும் வெளியேதான் இருக்கிறார்.